ஹலால் மட்டும் போதுமா?



கடையில் உணவுப் பொட்டலம் வாங்கும்போது ஹலால் முத்திரை இருக்கிறதா என்று தேடிப் பார்க்கிறோம். பேணுதலான பழக்கம்தான். ஆனால் பூமியில் உள்ளவற்றில் ஹலாலானதாகவும் 'தய்யிப்' ஆனதாகவும் இருப்பவற்றை உண்ணுமாறு அல்லாஹ் மனிதகுலம் முழுவதையும் அழைக்கிறான் (2:168). தய்யிப் என்றால் தூயது, நல்லது என்று பொருள். முதல் நிபந்தனையைப் பேணும் நாம் இரண்டாவதை மறந்துவிட்டோமா?

மாலையில் மக்தப் முடிந்து வரும் பிள்ளையின் கையைப் பாருங்கள். ஒரு கையில் சிப்ஸ், மறு கையில் குளிர்பானம். வழக்கமான 300 மி.லி. கோலா பானத்தில் சுமார் 30 கிராம் சர்க்கரை, அதாவது ஏழு தேக்கரண்டிக்கும் மேல் கரைந்திருக்கிறது. வளர்ந்த ஒருவருக்கே இத்தகைய சர்க்கரை நாளொன்றுக்குச் சுமார் 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு நோயுடன் வாழ்வதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் மதிப்பிட்டது. பிள்ளைகளின் உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அல்லவா?

"ஒன்றோடு நிறுத்த முடியவில்லையே!" என்று பலர் வருந்துகின்றனர். இதற்கு மனபலவீனம் மட்டுமே காரணமன்று. 2019இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 20 பேரைத் தங்கவைத்து, இரு வாரம் ஆலைகளில் மிகுதியாகப் பதப்படுத்தப்பட்ட உணவும், இரு வாரம் சாதாரண உணவும் வழங்கினர். இரண்டிலும் சர்க்கரை, கொழுப்பு, உப்பு ஆகியவை சமமாகவே பரிமாறப்பட்டன. விரும்பிய அளவு உண்ணலாம். ஆயினும் ஆலை உணவின்போது நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டனர், வேகமாகவும் உண்டனர், எடையும் கூடியது. மெல்லும் வேலை குறைந்த உணவு, வயிறு நிறைந்த செய்தி மூளையை எட்டுமுன்பே உள்ளே சென்றுவிடுகிறது.

மனிதன் நிரப்பும் பாத்திரங்களில் வயிற்றைவிடத் தீயது இல்லை என்றும், அதில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு நீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் போதும் என்றும் நபி (ஸல்) அவர்கள் போதித்ததை மிக்தாம் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (திர்மிதி). இதை எவ்வாறு நடைமுறைப்படுத்துவது?

முதலாவதாக, ஆசையோடு மல்லுக்கட்டுவதைவிட அதன் வாசலை அடைப்பது எளிது. அலமாரியில் இல்லாத பொட்டலத்தை நள்ளிரவில் கை தேடாது. அவ்விடத்தில் வேர்க்கடலை, சுண்டல், கொய்யா இருக்கட்டும். நபி (ஸல்) அவர்கள் பேரீச்சங்கனியுடன் வெள்ளரிக்காய் சேர்த்து உண்டதாக புகாரியில் பதிவாகியுள்ளது. இதைவிட எளிய சிற்றுண்டி எது?

இரண்டாவதாக, ஆசை எழுந்தவுடன் பணியாமல் சற்றுத் தள்ளிப்போடுங்கள். தண்ணீர் அருந்துங்கள், உளூச் செய்யுங்கள், சிறிது நடந்து வாருங்கள். பெரும்பாலும் ஆசை தணிந்துவிடும். ரமளானில் ஹலாலான தண்ணீரையே மஃரிப் வரை தள்ளிவைக்கும் நம்மால் கால்மணி நேரம் பொறுக்க முடியாதா? அந்த ரமளானிலேயே நோன்புக் கஞ்சிக்குத் துணையாக வடை, சமோசா, பஜ்ஜி என்று எண்ணெய்ப் பண்டங்களைக் குவிப்பதையும் சிந்திக்க வேண்டும்.

மூன்றாவதாக, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, குடும்பமாக ஒரே ஸஹனில் அமர்ந்து நிதானமாக உண்ணுங்கள். சிறுவராயிருந்த உமர் பின் அபீ ஸலமா (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் உண்ணும் ஒழுக்கத்தைக் கற்பித்தது உணவுத் தட்டின் அருகிலேயேதான். தந்தை கோலாவை அருந்திக்கொண்டே மகனைத் தடுத்தால் அந்த உபதேசம் பலிக்காது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முயன்று ஒரே வாரத்தில் கைவிட வேண்டாம். குறைவாயினும் நிலையாகச் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு விருப்பமானது. இந்த வாரம் வீட்டில் குளிர்பானத்தை நிறுத்துங்கள். அடுத்த வாரம் மற்றொன்று.

ஹலாலானதையும் தய்யிபானதையும் உண்டு, அந்த வலிமையால் அவனை வணங்கும் நல்லடியார்களாக நம்மையும் நம் சந்ததிகளையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.