ஒன்பது குழித் திடல்

தமிழ் கற்பிப்பவன் ஒருவன் மேனாட்டு விளையாட்டைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் எனப் பழைய மாணவர் சிலர் வினவக்கூடும். தட்டுக் கோல்ப் என்னும் ஆட்டத்தைப் பற்றி மேல்வகுப்பு மாணவர் தம்முள் உரையாடியபொழுது, "ஒன்பது குழித் திடல் என்றால் அரைத் திடல்தானே, சேர்?" என்று ஒருவர் என்னைக் கேட்டார். அவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணம். ஏழு சீரால் அமைந்த குறள்வெண்பாவைப் பதினைந்து சீர் கொண்ட நேரிசை வெண்பாவின் பாதி என்று யாரேனும் சொல்வரோ? அளவிற் சிறியது வேறு, குறைப்பட்டது வேறு. இவ்வேறுபாடு திடலமைப்பிலும் உண்டு. அதனை அறியாது அமைத்த திடல்களால் ஆடுவோர்க்கும் அவ்வழி நடப்போர்க்கும் துன்பமே விளைகின்றது.

முதலில் ஆட்டம் யாதெனக் கூறுவேன். ஆடுவோன் எறிமேடையில் நின்று, ஏறத்தாழ 21 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பிளாஸ்டிக் தட்டொன்றைத் தொலைவிலுள்ள கூடையை நோக்கி எறிகின்றான். தட்டு விழுந்த இடத்திலிருந்து மீண்டும் எறிகின்றான். எத்தனை எறிகளில் தட்டைக் கூடைக்குள் சேர்த்தான் என்பதே கணக்கு. குறைந்த எண்ணிக்கை பெற்றவனே வென்றவன். கூடை ஒரு கம்பத்தின் நடுவே பொருத்தப்பட்டிருக்கும். அதற்கு மேலே சங்கிலிகள் வட்டமாகத் தொங்கும். சங்கிலியில் மோதிய தட்டு வேகமிழந்து கூடையுள் விழும். நிலத்திலே குழி கிடையாது. ஆயினும் பந்தாட்டத்திலிருந்து வந்த பழக்கத்தால் ஒவ்வொரு பகுதியையும் குழி என்றே வழங்குவர். 'வட்டு' என்ற சொல் பொருத்தமாயிருக்க, யான் 'தட்டு' என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் விளையாட்டுப் போட்டிகளில் பரிதிவட்டம் என்பது இரண்டு கிலோ வரை கனக்கும் வேறொரு பொருள். ஈண்டுக் கூறும் தட்டோ பெரும்பாலும் 150 முதல் 180 கிராம் வரை நிறையுடையது; பத்து வயதுப் பிள்ளையும் எறியலாம்.

இவ்வாட்டத்தின் வித்து ஒரு பள்ளிக்கூடத்து முற்றத்தில் விழுந்தது என்பது நம் மாணவர்க்கு உவப்பளிக்கும். கனடா தேசத்துச் சஸ்காச்சுவான் மாகாணத்திலே பிளாட்வேர்த் என்னும் சிற்றூரில், 1926ஆம் ஆண்டிலே, சிறுவர் சிலர் தகர மூடிகளை எறிந்து இதுபோன்றதோர் ஆட்டம் ஆடினர். அது அவ்வூரோடு நின்றுவிட்டது. நாம் இன்று காணும் வடிவத்தைக் கொடுத்தவர் அமெரிக்கரான எட் ஹெட்ரிக். கலிபோர்ணியாவில் ஓக் குரோவ் பூங்காவிலே 1975இல் அவர் அமைத்ததே முதலாவது நிலையான திடல் எனப்படுகின்றது. அங்கே தொடக்கத்தில் வெறுங் கம்பங்களே இலக்குகளாக இருந்தன. தட்டு கம்பத்தைத் தொட்டதா, தொடவில்லையா என்று ஓயாத வழக்கு எழுந்தது. அவ்வழக்கைத் தீர்க்கவே சங்கிலிக் கூடையை ஆக்கி, 1977இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். நடுவரில்லாத ஆட்டத்துக்கு அந்தச் சங்கிலி ஓசையே தீர்ப்பாயிற்று. 2002இல் அவர் மறைந்தபின், அவர் விருப்பப்படியே அவருடைய சாம்பலைக் கலந்து தட்டுகள் வார்த்தனர் என்பதையும் போகிற போக்கிற் சொல்லிவைக்கின்றேன்.

இனி எண்ணுக்கு வருவோம். பதினெட்டு என்பது வானத்திலிருந்து இறங்கிய எண் அன்று. ஸ்கொத்லாந்தின் சென் அன்றூஸ் திடலில் ஒரு சுற்று 22 குழிகளாக இருந்தது. 1764இல் தொடக்கத்திலிருந்த குறுங்குழிகளை இணைத்தபொழுது அது 18 ஆயிற்று. அத்திடலின் புகழால் பிறரும் அவ்வெண்ணையே பின்பற்றினர். 1860இல் முதலாவது ஓப்பன் போட்டி நடந்த பிரெஸ்ற்விக் திடலில் இருந்தவை 12 குழிகளே. மசல்பரோ திடலில் ஒன்பதே குழிகள். அங்கே 1874 முதல் 1889 வரை அப்போட்டி ஆறு முறை நடைபெற்றது. அவ்வாறிருக்க, ஒன்பதைக் கண்டு நாணுவதற்கு யாது காரணம்?

ஆயினும் நாணுகின்றனர். நகரசபை சிறியதொரு பூங்காவைக் கொடுத்தால், அதற்குள் எப்படியாவது பதினெட்டுக் கூடைகளை நட்டுவிடத் துடிப்போர் எந்நாட்டிலும் உளர். ஒரு குழிக்கு ஏறத்தாழ ஓர் ஏக்கர் நிலம் வேண்டும் என்பது திடலமைப்போர் கைக்கொள்ளும் பொதுக் கணக்கு. பத்து ஏக்கரில் ஒன்பது குழிகள் காற்றோட்டமாக நிற்கும். பதினெட்டை நட்டால் ஒருவன் எறிவழி மற்றொருவன் தலைமேலே செல்லும். தேர்ந்தவன் எறியும் தட்டு மணிக்கு 100 கிலோமீற்றரைத் தாண்டும் வேகத்துடன் கையை விட்டு நீங்குவது. அதன் விளிம்பு மழுங்கியதன்று. நெற்றியில் பட்டால் என்னாகும் என்பதை விவரிக்க வேண்டுவதில்லை. ஆகவே நல்ல திடலின் முதல் இலக்கணம், எறிவழிகள் ஒன்றையொன்று வெட்டாமையும், நடைபாதைகளையும் சிறுவர் விளையாடும் இடங்களையும் விட்டு விலகியிருத்தலுமாம். புதிதாய் ஆடுவோன் எறி நேரே செல்வதில்லை. பக்கவாட்டில் எங்கெங்கோ போகும். அதற்கும் இடம் விட்டே அளத்தல் வேண்டும். இவ்வொன்றில் தவறிய திடல் பிறவற்றில் எத்துணைச் சிறப்புடையதாயினும் நல்ல திடல் என்று யான் ஒப்பேன்.

அடுத்தது தட்டின் பறப்பு. இதனை அறியாதார்க்குத் திடலின் நுட்பம் விளங்காது. வலக்கைக்காரன் ஒருவன் கையை மார்புக்குக் குறுக்கே கொணர்ந்து புறங்கை முன்னாக எறிகின்றான் எனக் கொள்வோம். மேலிருந்து நோக்கின் தட்டு கடிகாரமுள் செல்லும் திசையிலே சுழலும். வேகம் மிகுந்திருக்கையில் காற்றின் தூக்குவிசை தட்டின் நடுவுக்குச் சற்றுப் பின்னே தாக்கி, அதன் முன்விளிம்பைத் தாழ்த்த முயலும். சுழலும் பொருளோ, தள்ளிய திசைக்கு நேர்குறுக்கே சாயும் இயல்பினது. பம்பரத்தை ஊன்றிக் கவனித்தவர் இதனை அறிவர். ஆதலின் முன்விளிம்பு தாழ்வதற்குப் பதிலாகத் தட்டு வலப்பக்கம் சாய்கின்றது. வேகம் குன்றியதும் தூக்குவிசை நடுவுக்கு முன்னே நகர்ந்துவிடும். அப்பொழுது தட்டு இடப்பக்கம் சாய்ந்து, இடப்புறமாகவே வளைந்து தரையிறங்கும். முதலில் சற்று வலம், முடிவில் இடம்: இதுவே அதன் பாதை. எவ்வளவு வலம், எவ்வளவு இடம் என்பது தட்டின் விளிம்பமைப்பையும் எறிவோன் வலிமையையும் பொறுத்தது. உள்ளங்கை முன்னாக எறியின் யாவும் மாறிவிடும், இடக்கைக்காரனுக்கும் அவ்வாறே.

இதிலிருந்து பெறப்படுவது யாது? எல்லா எறிவழிகளும் இடப்புறமாகவே வளையுமாயின், வலக்கைக்காரன் ஒரே எறியை ஒன்பது முறை எறிந்துவிட்டு வீடு செல்வான்; இடக்கைக்காரன் ஒன்பது முறையும் தண்டிக்கப்படுவான். பதினெட்டுக் குழிகளில் இரண்டு மூன்று ஒரே வகையாய் அமைந்தாலும் அவை கரைந்துவிடும். ஒன்பதிலே கரையா. குறளிலே ஒரு சீர் வழுவினால் செவி உடனே உணர்வதுபோல, இங்கே ஒரு குழி மற்றொன்றின் நிழலாக இருப்பின் ஆடுவோன் உடனே உணர்வான். ஆகவே ஒன்பதை வகுப்பவன் பதினெட்டை வகுப்பவனிலும் மிகுதியாகச் சிந்திக்க வேண்டியவனாகின்றான். இடம் வளைவன மூன்று, வலம் வளைவன மூன்று, நேரே செல்வன மூன்று என்பது தொடக்கத்துக்கு உதவும் கணக்கு. நிலம் அதற்கு இசையாவிடின் கணக்கை விட்டு நிலத்தின் வழியே செல்லலாம். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஒன்று, பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஒன்று, மரங்களிடையே ஒன்று, திறந்த வெளியிலே ஒன்று, கை நடுங்க வைக்கும் நீர்நிலை அருகே இயலுமாயின் ஒன்று. நீளமும் மாறவேண்டும். புதியவன் 40 முதல் 60 மீற்றர் வரை எறிவான். தேர்ந்தவன் 100 மீற்றருக்கு மேல் எறிவான். எல்லாக் குழியும் 60 மீற்றராயின் தேர்ந்தவன் கொட்டாவி விடுவான்; எல்லாம் 120 ஆயின் புதியவன் மறுமுறை வாரான்.

மரங்களைப் பற்றி ஒரு சொல். எறிமேடைக்கு முன்னே மரங்கள் அடர்ந்து, எந்த இடைவெளியும் எறிவோனுக்குத் தெரியாதிருப்பின், அங்கே திறமைக்கு வேலையில்லை. கண்ணை மூடிக்கொண்டு எறிந்தவனும் குறிபார்த்து எறிந்தவனும் ஒரே பயனைப் பெறுவர். அது தேர்வுத்தாளை அளக்காமற் புள்ளியிடுவது போன்றது. நல்ல குழியில் இரண்டு வழிகள் தெரியும். ஒன்று குறுகியது, துணிந்தவனுக்கு உரியது, தவறினால் ஓர் எறி வீண். மற்றது சுற்றிச் செல்வது, ஓர் எறி கூடும், ஆயினும் பழுதில்லை. எதைத் தெரிவது என்று ஆடுவோன் எறிமேடையில் நின்று தன்னோடு வாதிடுகின்றானே, அந்த அரை நிமிடமே இவ்வாட்டத்தின் சுவை.

கூடையை எங்கே நடுவது என்பதும் அத்தகையதே. கூடையிலிருந்து 10 மீற்றருக்குள் நின்று எறிவோன், எறிந்தபின் நிலைதடுமாறி முன்னே செல்லலாகாது என்பது விதி. சமதரையில் இவ்வெறி எளிது. சரிவின் விளிம்பிலே கூடை நின்றால், தவறிய தட்டு விளிம்பிலே உருண்டு பள்ளத்துக்குப் போய்விடும் என்ற அச்சம் கையைப் பிடிக்கும். ஒன்பதில் இத்தகைய கூடை ஒன்றிரண்டு போதும். எல்லாம் அவ்வாறாயின் வெறுப்பே மிஞ்சும்.

இடம் சிறிதாயினும் ஆட்டத்தைப் பெருக்கும் உபாயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு குழிக்கும் இரண்டு எறிமேடைகளை அமைத்தல். அருகிலுள்ளது புதியவர்க்கும் சிறுவர்க்கும் முதியோர்க்கும், தொலைவிலுள்ளது தேர்ந்தவர்க்கு. தந்தையும் மகனும் ஒரே வேளையில், ஒரே கூடையை நோக்கி, வெவ்வேறு மேடையிலிருந்து ஆடலாம். பதினெட்டு வேண்டுவோர் முதற் சுற்றை ஒன்றிலிருந்தும் இரண்டாஞ் சுற்றை மற்றதிலிருந்தும் ஆடுவர். தொலைவு மட்டும் மாறினாற் போதாது, கோணமும் மாறவேண்டும். அப்பொழுதுதான் முன்பு இடம் வளைந்த வழி இப்பொழுது வலம் வளையும், ஒன்பது உண்மையாகவே பதினெட்டாகும். துடுப்பாட்ட அணியிலும் உதைபந்தாட்ட அணியிலும் ஒருபோதும் பெயர் வாசிக்கப்படாது மைதானத்தின் ஓரத்திலே நின்று வளரும் மாணவரை இருபது ஆண்டுகளாகப் பார்த்துவருபவன் யான். ஆதலின் இந்த அருகு மேடையைச் செலவு கருதி விட்டுவிடுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. வல்லவனுக்கு மட்டும் அமைந்த திடலைப் புகழ்வோர் பலர். அதில் ஆடுவோர் சிலர்.

சிறிய திடலுக்கு எடுத்துக்காட்டாக ஐஸ்லாந்தின் தலைநகராகிய ரெய்க்யாவிக்கிலுள்ள கிளம்பிராத்தூன் பூங்காவைச் சுட்டலாம். நகரின் நடுவே, ஓவியக் காட்சிசாலை ஒன்றின் அயலிலே, புல்வெளியும் மரவரிசைகளுமாய் அமைந்த அப்பூங்காவில் ஒன்பது கூடைகள் நிற்கின்றன. மலையில்லை, காடில்லை; உலகப் போட்டிகள் நடத்துதற்குரிய திடலும் அன்று. ஆயினும் வேலை முடிந்து வீடு செல்வோர் வழியிலே நின்று ஒரு சுற்று ஆடிச் செல்லலாம். நால்வர் ஆடினும் ஒரு மணி நேரமளவில் முடிந்துவிடும். கோடையில் நள்ளிரவு வரை வெளிச்சம் இருக்கும் நாடாதலின் உறங்கப் போகுமுன்னும் ஆடலாம். அந்நாட்டிலே மரங்கள் அருமை. மரம் செய்ய வேண்டிய வேலையைக் காற்றுச் செய்கின்றது. எதிர்க்காற்றிலே தட்டு வேகம் மிகுந்ததுபோல் நடந்து, மேலெழுந்து வலப்பக்கம் திரும்பும். பின்காற்றிலே விரைந்து தாழ்ந்து இடப்பக்கம் விழும். ஆகவே ஒன்பது எறிவழிகளும் வெவ்வேறு திசைகளை நோக்குமாயின், ஒரே காற்று ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு வினாவைக் கேட்கும்.

வரிசையைப் பற்றிச் சிறிது கூறி முடிக்கின்றேன். முதற் குழி எளிதாயிருத்தல் நன்று. அன்றேல் தட்டைத் தேடுவோர் அங்கேயே தேங்க, பின்வருவோர் காத்து நிற்பர். ஒரு குழியின் கூடைக்கும் அடுத்த குழியின் எறிமேடைக்கும் இடையே நடை குறைவாயிருக்கட்டும். ஆனால் பின்னால் வருவோர் எறியும் தட்டு எட்டாத தொலைவிலே அம்மேடை இருக்கட்டும். திசை காட்டும் பலகை ஒவ்வொரு மேடையிலும் வேண்டும். மேடை சீமெந்தாலோ உறுதியான பிற பொருளாலோ அமையாவிடின் மழைக்காலத்திலே கால் வழுக்கும். தட்டுகள் பட்டுப்பட்டு மரப்பட்டைகள் உரிவதும், கூடையைச் சுற்றிக் கால் மிதிபட்டு மண் அரிப்பதும் எத்திடலிலும் நேர்வன. கூடை நடுவதற்கு ஒவ்வொரு குழியிலும் இரண்டு மூன்று இடங்களை முன்கூட்டியே ஆயத்தஞ் செய்து, சில திங்களுக்கொரு முறை மாற்றி நட்டால் புல் மீண்டும் தழைக்கும். ஆடுவோர்க்கும் புதுமை கிடைக்கும். ஒன்பதாவது கூடை முதலாவது எறிமேடைக்கு அருகிலே நிற்கவேண்டும். நேரமுள்ளவன் அங்கிருந்தே இரண்டாஞ் சுற்றைத் தொடங்குவான். நேரமில்லாதவன் தட்டைப் பையிலிட்டு வீதிக்கு ஏறுவான்.