கொசுவா குற்றவாளி? மலாயாப் பல்கலைக்கழக ஆய்வகம் அவிழ்த்த முடிச்சு

மாணவர்களே, முதலில் ஒரு புதிர். நீங்கள் மருத்துவராக இருந்தால் என்ன முடிவுக்கு வருவீர்கள் என்று யோசித்துக்கொண்டே படியுங்கள்.

1998 செப்டம்பர் இறுதி. ஈப்போவைச் சுற்றியுள்ள பன்றிப் பண்ணைகளில் வேலை செய்பவர்களுக்குக் கடும் காய்ச்சலும் தலைவலியும் வருகின்றன. சில நாள்களில் பேச்சு குழறுகிறது, நினைவு தப்புகிறது. மூளை வீங்கிச் சிலர் இறந்தும் போகிறார்கள். பன்றிகளோடு தொடர்புடைய மூளை நோய் ஒன்று மருத்துவ உலகத்துக்கு ஏற்கெனவே தெரியும்: ஜப்பானிய மூளைக்காய்ச்சல். பன்றியின் உடலில் பெருகும் அந்தக் கிருமியைக் கொசு மனிதனுக்குக் கொண்டுவருகிறது. நோயாளிகளில் சிலரின் இரத்தத்தைச் சோதித்தபோது அந்தக் கிருமிக்கான அடையாளமும் தெரிந்தது. பிறகென்ன? கொசுப்புகை அடிக்கப்பட்டது. பண்ணைக்காரர்களுக்குத் தடுப்பூசி போடப்பட்டது.

அதிகாரிகள் அவசரப்பட்டுவிட்டார்கள் என்று சொல்லிவிடாதீர்கள். கையில் இருந்த சான்றுகளை வைத்துப் பார்த்தால் அது நியாயமான முடிவுதான். ஆனாலும் நோய் அடங்கவில்லை.

இப்போது துப்புகளைக் கவனியுங்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுவர்களைத் தாக்கும். இங்கே படுத்தவர்களோ பெரும்பாலும் வளர்ந்த ஆண்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்கும் நோய் வந்தது. அந்தக் காய்ச்சலில் பன்றி பொதுவாக வெளியே தெரியும்படி நோய்வாய்ப்படாது. இங்கே பன்றிகளும் மூச்சுத் திணறி, பண்ணைக்கு வெளியே தூரத்துக்குக் கேட்கும்படி இருமின. எல்லாவற்றையும்விட முக்கியமான துப்பு ஒன்று உண்டு. பண்ணைகளுக்கு அக்கம் பக்கத்தில் வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்களை நோய் ஏறக்குறைய தொடவேயில்லை. கொசு கடிப்பதற்கு முன் யாரிடமும் மதம் கேட்பதில்லை. வேலி தாண்டிப் பக்கத்து வீட்டுக்கும் அது பறக்கும். அப்படியிருக்க, பன்றியைத் தொட்டுப் பழகியவர்களை மட்டும் தேடித் தேடிப் பிடிக்கும் நோயைக் கொசு எப்படிப் பரப்பியிருக்க முடியும்?

இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமலே மாதங்கள் ஓடின. அதற்குள் நோய்ப்பட்ட பண்ணைகளின் பன்றிகள் விற்கப்பட்டுத் தெற்கே போய்விட்டன. 1999 தொடக்கத்தில் நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்தில், நாட்டின் பெரிய பன்றிப் பண்ணைகள் இருந்த இடத்தில், நோய் வெடித்தது. மார்ச் மாதம் சிங்கப்பூரின் இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள் 11 பேருக்கும் அது தொற்றியது, ஒருவர் இறந்தார். அவர்கள் கையாண்டவை மலேசியாவிலிருந்து போன பன்றிகள்.

விடை கிடைத்த இடம் உங்களுக்குத் தெரிந்த இடம்தான். பிரிக்பீல்ட்ஸில் இருப்பவர்கள் கேஎல் சென்ட்ரலில் எல்ஆர்டி ஏறினால் பங்சார், அப்துல்லா ஹுக்கும், கெரிஞ்சி, அடுத்தது யுனிவர்சிட்டி நிலையம். கிள்ளான் மாணவர்கள் கொமுட்டரில் அப்துல்லா ஹுக்கும்வரை வந்து மாறலாம். லெம்பா பந்தாயில் இருக்கும் மலாயாப் பல்கலைக்கழக வளாகம் ஒரு சிற்றூர் மாதிரி. நடுவில் ஏரி, ஒரு பக்கம் ரிம்பா இல்மு தாவரவியல் பூங்கா, விடுதிகள், விரிவுரைக்கு ஓடும் மாணவர்கள். நம் வீடுகளில் அந்த வளாகத்தைப் பற்றிப் பேசினால் இந்திய ஆய்வியல் துறையும், 1966இல் நடந்த முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடும்தான் நினைவுக்கு வரும். அதே பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பீடத்தில் மருத்துவ நுண்ணுயிரியல் துறை என்று ஒன்று உண்டு. அதன் கதவுக்குப் பின்னால் நடப்பதைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

1999 பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையில் 94 நோயாளிகள் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு வந்தார்கள். நரம்பியல் மருத்துவர்கள் ஒவ்வொருவரிடமும் பொறுமையாக விசாரித்தார்கள். நூற்றுக்கு 93 பேர் பன்றிகளோடு நேரடியாகப் பழகியவர்கள் என்று தெரியவந்தது. கைகால்களின் சில தசைகள் மட்டும் தாளம் தப்பாமல் துடிப்பது போன்ற, வழக்கமான மூளைக்காய்ச்சலில் அதிகம் காணாத அறிகுறிகளும் இருந்தன. அந்த 94 பேரில் 30 பேர் பிழைக்கவில்லை.

நோயாளிகளின் முதுகுத்தண்டிலிருந்து ஊசியால் எடுத்த நீர்மம் ஆய்வகத்துக்குப் போனது. மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் நீர்மம் அது. மூளையைத் தாக்கும் கிருமியைத் தேட அதைவிட நல்ல இடம் இல்லை. பேராசிரியர் லாம் சாய் கிட் வழிகாட்டிய அந்த ஆய்வகத்தில் வைரஸ் ஆய்வில் ஈடுபட்டிருந்தவர் மருத்துவர் சுவா காவ் பிங்.

வைரஸைத் தனியாக வளர்க்க முடியாது, அதற்கு உயிருள்ள உயிரணு வேண்டும். ஆகவே ஆய்வகங்களில் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்த 'வெரோ' என்ற உயிரணு வகையைக் குடுவைகளில் வளர்ப்பார்கள். குடுவையின் அடியில் அவை ஓடு பதித்த தரைபோல ஒரே படலமாகப் படியும். அதன்மேல் நோயாளியின் நீர்மத்தைத் துளி விட்டு, நாள்தோறும் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பெரும்பாலான நாள்களில் ஒன்றும் நடக்காது. ஆய்வக வாழ்க்கை என்றால் வெள்ளை அங்கியும் பொங்கும் வண்ணத் திரவங்களும் என்று சினிமா நம்மை நம்பவைத்திருக்கிறது. உண்மையில் அது பெரும்பாலும் காத்திருப்பதும், பார்ப்பதும், பார்த்ததைத் தேதியிட்டு எழுதிவைப்பதும்தான்.

ஐந்தாம் நாள் வாக்கில் மாற்றம் தெரிந்தது. உயிரணுக்கள் வெறுமனே சாகவில்லை, ஒன்றோடொன்று இணைந்தன. வரிசையாக இருக்கும் தெரஸ் வீடுகளின் நடுச்சுவர்களை எல்லாம் இடித்து ஒரே கூடமாக்கினால் எப்படி இருக்கும்? அப்படி, பல உட்கருக்கள் ஒரே உறைக்குள் மிதக்கும் பெரிய உயிரணுக்கள் உருவாகியிருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கிருமியின் வேலை இப்படி இருக்காது. உயிரணுக்களை இப்படி ஒட்டவைப்பது தட்டம்மை, கூவைக்கட்டு ஆகியவற்றின் கிருமிகள் அடங்கிய வேறொரு குடும்பத்தின் கைவரிசை. அந்தக் குடும்பத்துக்குப் பாராமிக்ஸோ வைரஸ் என்று பெயர்.

நாடு முழுவதும் கொசுவைத் துரத்திக்கொண்டிருந்த நேரம் அது. குடுவையில் ஏதோ அழுக்கு விழுந்துவிட்டது என்று கழுவி வைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் உறுதிசெய்யத் தேவையான மின்னணு நுண்ணோக்கி வசதியையும் எதிர்ப்பொருள்களையும் தேடி, அந்த மார்ச் மாதம் சுவா மாதிரிகளைத் தம்மோடு எடுத்துக்கொண்டு அமெரிக்கா பறந்தார். அவர் போன முதல் இடம் கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் காலின்ஸ். அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் கொசு வழி நோய்கள் பிரிவு அங்கேதான் இருக்கிறது. பாருங்கள், அதுவரைக்கும் கொசுவின் நிழல் வழக்கைவிட்டு விலகவில்லை!

அங்கே மின்னணு நுண்ணோக்கியில் தெரிந்தது பாராமிக்ஸோ குடும்பத்து வடிவம். அடுத்து அட்லாண்டாவில் சோதனை. குடும்பம் தெரிந்துவிட்டது, ஆள் யார் என்று தெரிய வேண்டும். 1994இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், ஹென்ட்ரா என்ற புறநகரில், பந்தயக் குதிரைகளும் அவற்றின் பயிற்சியாளரும் ஒரு புதிய கிருமியால் இறந்திருந்தார்கள். அந்த ஹென்ட்ரா கிருமிக்கான எதிர்ப்பொருள் மலேசிய மாதிரியோடு ஒட்டிக்கொண்டது. நெருங்கிய உறவுதான், ஆனால் அதே ஆள் இல்லை. உலகம் அதுவரை அறியாத ஒரு வைரஸ் அது.

கொசு விடுதலை ஆனது. உடனே எல்லாம் தலைகீழாக மாறியது. நோய் பன்றியின் எச்சிலிலும் சிறுநீரிலும் இருக்கிறது என்றால் புகை அடித்து என்ன பயன்? பன்றிகளின் நடமாட்டத்தை நிறுத்த வேண்டும், பண்ணைக்காரர்கள் கையுறையும் முகமூடியும் அணிய வேண்டும். இராணுவம் இறங்கியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாகப் பண்ணை வைத்திருந்த குடும்பங்கள் ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் இழந்தன. அந்தக் கொடுமையைச் சொல்லாமல் வெற்றியை மட்டும் சொல்வது சரியாகாது. ஆனால் மே மாத வாக்கில் நோய் அடங்கிவிட்டது. மலேசியாவில் மொத்தம் 265 பேருக்கு நோய், 105 பேர் மரணம். பிழைத்தவர்களில் சிலருக்கு மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் மூளை வீக்கம் திரும்ப வந்தது.

பெயர் வந்த கதையையும் கேளுங்கள். ஆய்வுக்கு எடுத்த மாதிரி புக்கிட் பெலாண்டோக்கில் உள்ள சுங்கை நிப்பா கிராமத்து நோயாளியுடையது. எனவே கிருமிக்கு நிப்பா வைரஸ் என்று பெயரிட்டார்கள். தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் 'நிபா' என்று படித்திருப்பீர்கள். நிப்பா என்பது ஆற்றோரச் சேற்றில் வளரும் ஒரு பனை வகை. அந்தக் காலத்து அத்தாப்புக் கூரைக்கு அதன் ஓலைதான். ஐஸ் கச்சாங்கில் வழுவழுப்பாகக் கிடக்கும் அத்தாப்புக் கொட்டையும் அதே பனையுடையதுதான். பாவம், அந்தப் பனையும் அந்தக் கிராமமும் செய்த குற்றம் ஒன்றுமில்லை. புதிய நோய்களுக்கு ஊர்ப் பெயரை வைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் கேட்டுக்கொண்டது இப்படிப்பட்ட அனுபவங்களுக்குப் பிறகுதான்.

பன்றிக்குக் கிருமி எங்கிருந்து வந்தது? ஹென்ட்ராவின் இருப்பிடம் பழந்தின்னி வௌவால் என்று ஆஸ்திரேலியர்கள் ஏற்கெனவே கண்டிருந்தார்கள். மலாய்க்காரர்கள் கெலுவாங் என்று அழைக்கும் பெரிய வௌவால் அது. அதனிடம் எப்படிச் சோதிப்பது? பிடித்து இரத்தம் எடுப்பது கடினம். சுவாவின் குழு தியோமான் தீவில் எளிய வழி ஒன்றைக் கையாண்டது. வௌவால்கள் தொங்கும் மரங்களுக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்பை விரித்துவிட்டுக் காத்திருப்பது! விடியற்காலையில் இரைதேடித் திரும்பும் வௌவால்கள் சிறுநீர் கழிக்கும், அந்தத் துளிகளைச் சேகரிப்பார்கள். கடித்துப் போட்ட பழங்களையும் பஞ்சால் துடைத்து எடுத்தார்கள். சிறுநீரிலிருந்து இரண்டு முறையும், கடித்த பழத்திலிருந்து ஒரு முறையும் நிப்பா வைரஸ் கிடைத்தது. வௌவாலுக்கு அதனால் நோய் தெரிவதில்லை.

இப்போது முழுப் படமும் கண்ணுக்குத் தெரியும். ஈப்போ பக்கத்துப் பண்ணைகளில் பன்றிக் கொட்டகைகளை ஒட்டி மாமரங்கள் நின்றன. இரவில் வௌவால் வரும், பாதி கடித்த மாம்பழம் கீழே விழும், பன்றி அதைத் தின்னும். பன்றியிடமிருந்து பன்றிக்கு, பிறகு மனிதனுக்கு. கொட்டகைக்கு அருகே பழமரம் வைக்காதே என்பது இங்கே பண்ணை விதியானது இதனால்தான்.

'பழைய கதைதானே' என்று நினைக்கிறீர்களா? 2018 மே மாதம் கேரளத்தின் கோழிக்கோட்டில் ஒரே குடும்பத்தினர் அடுத்தடுத்துக் காய்ச்சலில் விழுந்தார்கள். மருத்துவர்கள் சந்தேகப்பட்டு மாதிரிகளை மணிப்பால் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். சில நாள்களில் விடை வந்துவிட்டது: நிப்பா. 17 பேர் இறந்தார்கள், நோயாளியைக் கவனித்த ஒரு தாதியும் அவர்களில் ஒருவர். ஆனால் பழகியவர்களைத் தேடித் தனிமைப்படுத்தியதால் அது பெருந்தொற்றாகவில்லை. 1998இல் இங்கே ஏறக்குறைய ஆறு மாதம் எடுத்த விடைக்கு அங்கே சில நாள்களே போதுமாக இருந்தன. எதைத் தேடுவது என்று இவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மலேசியாவில் 1999க்குப் பிறகு மனிதர்களிடையே நிப்பா பரவவில்லை. வங்காளதேசத்தில் 2001 முதல் அது அடிக்கடி தலைகாட்டுகிறது. அங்கே பன்றிக்குப் பங்கில்லை, இரவில் ஈச்சமரத்தில் கட்டிய பானையில் வௌவால் வாய்வைத்த பச்சைச் சாறுதான் வழி. அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசி இன்னும் இல்லை. 2024 ஜனவரியில் ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகம் தன் தடுப்பூசியை மனிதர்களிடம் சோதிக்கத் தொடங்கியது.

நிப்பா வைரஸை இன்று நான்காம் நிலை என்ற உச்சப் பாதுகாப்பு ஆய்வகத்தில்தான் கையாளலாம் என்பது உலக வழக்கம். காற்றடைத்த முழு உடல் உறை அணிந்து, தனிக் குழாயில் மூச்சுவிட்டு வேலை செய்ய வேண்டும். 1999இல் மலேசியாவில் அப்படியோர் ஆய்வகம் இல்லை. குடுவையில் இருப்பது என்னவென்று தெரியாமலே அதை நாள்தோறும் திறந்து பார்த்தவர்கள் அந்தத் துறையில் இருந்தார்கள். அதே பல்கலைக்கழகத்தில் இப்போது வெப்பமண்டலத் தொற்றுநோய்களுக்கென்றே 'டிட்ரெக்' என்ற தனி ஆய்வு மையம் இயங்குகிறது. டிங்கியும், விலங்கிலிருந்து மனிதனுக்குத் தாவும் கிருமிகளும் அங்கே ஆராயப்படுகின்றன. எஸ்பிஎம் முடித்து, எஸ்டிபிஎம் அல்லது மெட்ரிகுலேஷனில் உயிரியலும் வேதியியலும் எடுப்பவர்களுக்கு அந்தப் பக்கம் போக வழி உண்டு. மருத்துவப் படிப்பு மட்டும்தான் வழி என்று நினைத்துவிடாதீர்கள். உயிர்மருத்துவ அறிவியல், நுண்ணுயிரியல், கால்நடை மருத்துவம், சூழலியல் எதைப் படித்தவருக்கும் அங்கே வேலை இருக்கிறது. வௌவால் மரத்தடியில் விரிப்போடு விடியும்வரை காத்திருக்கவும் ஆள் வேண்டுமல்லவா?