ரெய்சினா என்னும் குன்றூர்

டில்லியில் மலை உண்டு என்றால், பொதிகையையும் ஆனைமலையையும் கண்டு பழகிய நம்மவர் நகைப்பர். ஆயினும் குடியரசுத் தலைவர் மாளிகை ஒரு குன்றின் மீதே அமர்ந்துள்ளது. அக்குன்றுக்கு வழங்கும் ரெய்சினா என்னும் பெயர், ஒரு காலத்தில் அங்கிருந்த சிற்றூரின் பெயராகும்.

குஜராத்திலிருந்து இராஜஸ்தானத்தின் ஊடாக வரும் ஆரவல்லித் தொடர், உலகின் மிகத் தொன்மையான மலைகளுள் ஒன்று. மழையும் காற்றும் பல கோடி ஆண்டுகளாக அரித்தமையால், டில்லியை எட்டும்போது அது வெறும் பாறை மேடாகி, யமுனைக் கரையில் வசீராபாத்தை அடுத்து முடிந்துவிடுகிறது. அம்மேட்டைச் சேர்ந்ததே ரெய்சினாக் குன்று. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 266 மீட்டர். சுற்றுப்புறத்தைவிட 18 மீட்டரே உயரம். அருகில் மால்சா என்னும் மற்றோர் ஊரும் இருந்தது.

1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், தலைநகரைக் கல்கத்தாவினின்று டில்லிக்கு மாற்றுவதாக அறிவித்து, நகரின் வடபால் அடிக்கல் நாட்டினார். அவ்விடம் தாழ்வானது, யமுனை வெள்ளத்திற்கு இலக்காவது என்று கண்ட வல்லுநர்கள், தெற்கே மேட்டு நிலம் நாடினர். உயரமே சிற்றூருக்கு வினையாயிற்று. 1894-ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டப்படி ஏறத்தாழ 4,000 ஏக்கர் எடுக்கப்பட்டது. சுமார் 300 குடும்பங்கள் பெயர்ந்தன. வெடி வைத்துக் குன்றின் உச்சியைச் சமன் செய்தனர்.

அங்கே 340 அறைகளுடன் எழுந்தது வைசிராய் மாளிகை. பேக்கரின் செயலகங்களும் அதே மட்டத்தில் அமைந்தமையால் மாளிகை பின்னே தள்ளப்பட்டது. விஜய் சௌக்கில் நின்று நோக்கினால், ஏற்றம் மறைத்துவிட, மாளிகையின் கவிகை மாத்திரமே தெரியும். இதன் பொருட்டு லட்டியன்ஸ் பேக்கரோடு நெடுங்காலம் பிணங்கியிருந்தார். ஊரை இழந்தவர்களின் மனக்குறையைக் காட்டிலும் இந்தப் பிணக்கே நூல்களில் மிகுதியாக இடம் பெற்றுள்ளது!

அம்மாளிகையில் 1948-இல் குடிபுகுந்த முதல் இந்தியர் நம் இராஜாஜி. பெரிய அறைகளைத் தவிர்த்துச் சிறியவற்றிலேயே அவர் தங்கினார்.

புதிய நகருக்காக மாதோகஞ்ச், ஜெய்சிங்புரா போன்ற ஊர்களும் அகற்றப்பட்டன. அவ்வூரார் குடியமர்த்தப்பட்ட இடமே கரோல் பாக். பிற்காலத்தில் டில்லித் தமிழர் பெருவாரியாகச் சென்று வாழ்ந்த அதே கரோல் பாக்தான். ரெய்சினா நிலத்திற்கு ஈட்டுத்தொகை தரப்படவில்லை என்று முன்னோர் வழியில் உரிமை கோரிச் சிலர் தொடுத்த வழக்கை, நூறாண்டு கடந்த கோரிக்கை எனக் கண்டு உச்ச நீதிமன்றம் 2017-இல் தள்ளுபடி செய்தது.

மால்சாவினர் வடக்கே சோனிபத் பக்கம் சென்று குடியேறினர். அவர்களுடைய ஊர் இன்றும் ஹர்சானா மால்சா என்றே வழங்குகிறது.