நங்கூரப் புழு



குளத்துக் கெண்டை மீனின் செதில்களுக்கிடையே சில வேளைகளில் வெளிறிய நூலிழை போன்ற ஒன்று தொங்குவதைக் காணலாம். நீளம் ஒரு சென்டிமீட்டர் அளவிலோ, சற்று மிகுந்தோ இருக்கும். மீன் வளர்ப்போர் இதனை நங்கூரப் புழு என்பர். உண்மையில் இது புழுவன்று. இறாலுக்கும் நண்டுக்கும் உறவான துடுப்புக்காலி இனத்தது. லெர்னியா சிப்ரினேசியா என்பது இதன் விலங்கியற் பெயர். 1758இல் அப்பெயரை இட்ட லின்னேயஸ் என்னும் பேரறிஞரும் இதனைப் புழுக்களின் கூட்டத்திலேயே சேர்த்தார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. கண்ணுக்குத் தெரிவது புழுவின் வடிவந்தானே!

தெரியாத பகுதியில்தான் விந்தை இருக்கிறது. இதன் சிறு தலை மீனின் தசைக்குள் புதைந்து கிடக்கிறது. தலையின் பின்னே இரண்டு இணைக் கொம்புகள் கிளைக்கின்றன. அவற்றுள் முதுகுப்புறத்து இணை மேலும் கவர்விட்டுத் தசையில் பற்றிக்கொள்ளும். அதுவே நங்கூரம். பின் மெல்லிய கழுத்து. அதன்பின் குழாய் போன்ற உடல். முடிவில் இரண்டு முட்டைப் பைகள். உருப்பெருக்கியில் உற்று நோக்கினால் உடலின் அடிப்புறத்தில் மிகச் சிறிய நீந்துகால்கள் தென்படும். உடல் பன்மடங்கு நீண்டபோதும் கால்கள் வளரவில்லை. ஆகவே, இளமையில் நெருங்கியிருந்தவை இப்போது ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் நிற்கின்றன. நீந்திய காலத்தின் சான்று அவை.

முட்டையிலிருந்து வெளிவரும் இளவுயிரியைக் கண்டால் ஐயம் முழுதும் நீங்கும். மூன்று இணை உறுப்புகளும் நடுவே ஒற்றைக் கண்ணும் உடைய அது, ஓட்டுடலிகளின் குழவியே. பலமுறை தோலுரித்து வளர்ந்தபின் ஆணும் பெண்ணும் கூடுகின்றன. ஆண் உருமாறாமலே இறந்துபடுகிறது. பெண் மட்டுமே மீனின் உடலைத் துளைத்து நுழைந்து நூல்வடிவு கொள்கிறது. நாம் காணும் 'புழுக்கள்' அனைத்தும் பெண்களே!

இவ்வமைப்பை அறியாதவர் இடுக்கியால் வெடுக்கென இழுப்பர். உடல் அறுந்து வரும், நங்கூரம் உள்ளேயே தங்கும், புண் சீழ்பிடிக்கும். குளத்தில் மருந்திடுவோரும் ஒருமுறையோடு நின்றுவிடலாகாது. தசையில் தலை புதைத்த தாய் எளிதில் மடிவதில்லை. நீரில் நீந்தும் குழவிகளே எளிதில் மடிவன. தாய் உயிரோடுள்ளவரை முட்டைகள் பொரித்துப் புதிய குழவிகள் வந்துகொண்டேயிருக்கும். ஆதலின் சில வாரங்களுக்கு மருந்தை இடைவெளிவிட்டுத் திரும்பத் திரும்ப இடுகின்றனர்.