இலவச மென்பொருளில் பிழையா? புகாரைப் படிப்பவர் யார்?

படம் பார்க்க விஎல்சி, இணையத்தில் உலவ ஃபயர்ஃபாக்ஸ், கடிதம் தட்டச்சு செய்ய லிப்ரே ஆபிஸ். இவற்றை நம்மில் பலர் காசு கொடுக்காமல் பயன்படுத்துகிறோம். திடீரென ஒரு நாள் தமிழ் எழுத்து உடைந்து தெரிகிறது அல்லது கோப்பு திறக்க மறுக்கிறது. யாரிடம் சொல்வது? சொன்னால் கேட்பார்களா?

இவை திறந்த மூல மென்பொருள்கள். இவற்றின் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தியும் அனுப்பலாம். ஆனால், அனுப்பிய திருத்தம் நேராக மென்பொருளுக்குள் போய்விடாது. அதைச் சோதித்து, ஏற்பதா வேண்டாமா என முடிவெடுப்பவர்களே பராமரிப்பாளர்கள். கோயில் கோத்தோங் ரோயோங்கில் யார் வேண்டுமானாலும் துடைப்பம் எடுக்கலாம். சாவி மட்டும் பொறுப்பாளரிடம் இருக்கும் அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

பெரிய திட்டங்களில் சம்பளத்திற்கு வேலை செய்வோர் உண்டு. சிறிய திட்டங்கள் பலவற்றையோ ஒரே ஒருவர், தம் ஓய்வு நேரத்தில், ஊதியமின்றிக் கவனித்து வருகிறார்.

புகார் வந்தால் என்ன செய்வார்?

முதலில், அதே பிழையைத் தம் கணினியில் வரவழைத்துப் பார்ப்பார். வராவிட்டால், எந்தப் பதிப்பு, எந்தக் கருவி, என்ன செய்தபோது வந்தது என்று கேட்பார். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதப்பட்ட புகார் பெரும்பாலும் இந்த இடத்திலேயே நின்றுவிடும்.

நல்ல திருத்தத்தையும் சில வேளைகளில் மறுப்பார்கள். புதிய வசதியை எழுதிக் கொடுத்தவர் நாளை விலகிவிடலாம். அதில் பழுது வந்தால், ஆண்டுக்கணக்கில் அதைச் சரிசெய்ய வேண்டியவர் பராமரிப்பாளர்தான். ஆகவே, அந்த மறுப்பை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

அவசரப்படுத்தியதன் விளைவு

லினக்ஸ் கணினிகளில் கோப்புகளைச் சுருக்கப் பயன்படுவது எக்ஸ்இசட். பின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸே காலின் அதைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வந்தார். 2022இல், வேலை மெதுவாக நடக்கிறது, பொறுப்பை வேறொருவரிடம் கொடுங்கள் எனச் சிலர் அவரை நெருக்கினர். இது ஊதியமில்லாத பொழுதுபோக்குப் பணி என்றும், தமக்கு நீண்டகால மனநலச் சிக்கல் இருப்பதாகவும் அவர் பதில் எழுதினார்.

அப்போது தொடர்ந்து திருத்தங்கள் அனுப்பி உதவி வந்தவர் 'ஜியா டான்' என்ற பெயருடையவர். படிப்படியாக அவருக்கும் பராமரிப்புப் பொறுப்பு கிடைத்தது. 2024 பிப்ரவரியில் வெளிவந்த 5.6.0 பதிப்பில், பிறர் கணினிக்குள் நுழையத் திருட்டு வழி ஒன்று அந்தப் பெயரில் ஒளித்து வைக்கப்பட்டது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது யார் என்பது இன்னும் வெளியாகவில்லை. நெருக்கடி கொடுத்த பெயர்களும் அதே திட்டத்தின் பகுதியாக இருக்கலாம் என ஆய்வாளர்கள் சந்தேகிக்கின்றனர்.

அதைக் கண்டுபிடித்தவரும் ஒரு பயனர்தான். மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை வினாடி கூடுதலாவதைக் கவனித்தார். காரணத்தைத் தேடிப்போய், 2024 மார்ச் 29ஆம் தேதி ஆதாரங்களுடன் வெளியிட்டார். லினக்ஸின் நிலையான பதிப்புகளில் பெரும்பாலானவற்றுக்குப் பரவுமுன் ஆபத்து தடுக்கப்பட்டது.

"சீக்கிரம் செய்" என்று நெருக்கியவர்களும் பயனர்களாகத்தான் வந்தார்கள். என்ன நடந்தது என்று அளந்து சொன்னவரும் பயனர்தான்.

நாம் என்ன செய்யலாம்?

• அதே பிழையை யாராவது ஏற்கெனவே தெரிவித்திருக்கிறார்களா என்று முதலில் தேடுங்கள்.

• ஒரு புகாரில் ஒரு சிக்கலை மட்டும் எழுதுங்கள். பதிப்பு எண், கருவி, செய்த படிகள், திரைப்படம் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள்.

• எழுத்து உடைந்தால் எந்தச் சொல், எந்த எழுத்துரு என்று குறிப்பிடுங்கள். தமிழ் தெரியாத பராமரிப்பாளருக்கு, சரியான வடிவம் எது என்பதையும் காட்ட வேண்டும்.

• பாதுகாப்புக் குறைபாடு என்றால் பொதுவில் போடாமல், அதற்கென உள்ள தனி முகவரிக்கு எழுதுங்கள்.

நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கும் இங்கே வேலை உண்டு. ஃபயர்ஃபாக்ஸின் தமிழ் இடைமுகம் தன்னார்வலர்களின் மொழிபெயர்ப்பு. யாரும் ஒரு சொல்லைப் பரிந்துரைக்கலாம். பொறுப்பாளர் பார்த்து ஏற்பார். நல்ல தமிழ் தெரிந்த ஆசிரியர்களும் மாணவர்களும் இதில் தாராளமாகக் கைகொடுக்கலாம்.