வெடிக்காத பட்டாசை என்ன பண்றது?

(ஒலிப்பதிவிலிருந்து சுருக்கித் திருத்திய வடிவம்)

இன்னைக்கு தீபாவளியைப் பத்தி இல்ல, தீபாவளிக்கு மறுநாள் காலையைப் பத்திப் பேசப் போறோம்.

பழனிக்குப் பக்கத்துல, மலையடிவாரத்துல பாலசமுத்திரம்னு ஒரு பேரூராட்சி. எங்க சித்தி வீடு அங்கதான். சின்ன வயசுல எங்களுக்கு தீபாவளியை விட மறுநாள்தான் முக்கியம். விடிஞ்சும் விடியாம எழுந்து, தெருத்தெருவா போய் வெடிக்காத பட்டாசைப் பொறுக்குவோம். அதைப் பிரிச்சு, மருந்தை ஒரு பேப்பர்ல கொட்டி, ஓரத்துல பத்த வைப்போம். 'புஸ்'ஸுனு ஒரு வெளிச்சம் வரும், அவ்ளோதான் விளையாட்டு. ஒரு வருஷம் சித்தி பையன் குனிஞ்சு பார்த்துட்டு இருக்கும்போதே பத்திக்கிச்சு. புருவமும் முன்முடியும் கருகிப் போச்சு. கண்ணு தப்பிச்சது. கன்னத்துல தழும்பு இன்னும் இருக்கு.

எல்லாருக்கும் நல்ல திட்டு விழுந்துச்சு. ஆனா அந்தப் பட்டாசை வேற என்ன பண்ணணும்னு யாரும் சொல்லல. சொல்லப்போனா பெரியவங்க பண்ணது அதைவிட மோசம். வாசல் குப்பையைக் கூட்டி, தென்னை ஓலையோட குவிச்சு, கொளுத்திட்டாங்க. உள்ள இருந்தது ஒண்ணொண்ணா வெடிச்சுது. நாங்க கைதட்டினோம்.

ஒரு பட்டாசு ஏன் வெடிக்காம போகுது? நம்ம ஊர்ல தீபாவளியும் வடகிழக்குப் பருவமழையும் ஒண்ணாத்தான் வரும். திரி நமத்துப் போகும். நமத்த திரி அணைஞ்ச மாதிரி தெரியும், ஆனா உள்ளுக்குள்ள கனிஞ்சுக்கிட்டே இருக்கலாம். அதனால வெடிக்கலைன்னா உடனே கிட்டப் போகாதீங்க. இருபது நிமிஷமாவது விடுங்க. அப்புறம் நீளமான குச்சியாலயோ முறத்தாலயோ தள்ளி, தண்ணி நிறைஞ்ச பக்கெட்ல போடுங்க. திரும்பப் பத்த வைக்கிறது, காலால மிதிக்கிறது, ரெண்டும் வேண்டாம்.

பக்கெட் விஷயத்துல நிறைய பேர் ஒரு தப்பு பண்றாங்க. மேல கொஞ்சம் தண்ணி தெளிச்சுட்டு, கவர்ல கட்டி ஓரமா வெச்சிடறாங்க. மருந்துல அலுமினியப் பொடி இருக்கும், நைட்ரேட் உப்பு இருக்கும். ரெண்டும் அரைகுறை ஈரத்துல சேர்ந்தா தானாவே சூடாகக்கூடும். அதனால முழுசா மூழ்கணும், ராத்திரி முழுக்க ஊறணும். தாள் உறை கூழாகி, மருந்து கரைஞ்சு வெளிய வரணும். எரிஞ்சு முடிஞ்ச கம்பி மத்தாப்புக்கு மட்டும் தனியா ஒரு மணல் வாளி வைங்க. அந்தக் கம்பி அணைஞ்ச பிறகும் ரொம்ப நேரம் கொதிச்சுக்கிட்டு இருக்கும். வெறுங்காலோட ஓடற குழந்தைங்க மிதிச்சுடறது எல்லா ஊர்லயும் நடக்குது.

அந்தத் தண்ணியை எங்க ஊத்தறது? இது கொஞ்சம் சங்கடமான கேள்வி. பச்சை நிறத்துக்கும் மத்தாப்புக்கும் காலங்காலமா போட்டது பேரியம் நைட்ரேட். அது தண்ணில கரையும், உடம்புக்குள்ள போனா விஷம். 2018 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை போட்டுச்சு. ஆனா நம்ம கையில இருக்கிற பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு நாம சோதிச்சுப் பார்க்க முடியாது. பாலசமுத்திரத்துல பாலாறு-பொருந்தலாறு அணை இருக்கு, வாய்க்கால் இருக்கு, வயலும் தோப்பும் இருக்கு. வாய்க்கால்லயும் கிணத்துப் பக்கமும் ஊத்தாதீங்க, தோட்டத்துக்கும் வேண்டாம். ஆளும் மாடும் போகாத மூலையில, மணல்ல வடிய விடுங்க. இது முழுத் தீர்வு இல்லதான். அளவு குறைவா இருந்தா பாதிப்பும் குறைவு, அவ்ளோதான்.

சரி, ரீசைக்கிள்? இங்க உங்களை ஏமாத்த விரும்பல. எரிஞ்ச பட்டாசுத் தாள் எதுக்கும் ஆகாது. கூழாக்கற ஆலைக்கும் போகாது, உரக்குழிக்கும் போகக்கூடாது. போட்டா அந்த உரம் மொத்தமும் கெட்டுப்போகும். மறுபடி பயன்படுறது வெளி அட்டைப்பெட்டி, கிழிக்காம எடுத்த பிளாஸ்டிக் உறை, ஆறின மத்தாப்புக் கம்பி. கம்பியைப் பழைய இரும்புக் கடையில எடுத்துப்பாங்க. அட்டைப்பெட்டியை வெடிக்கப் போறதுக்கு முன்னாடியே தனியா எடுத்து வெச்சிடுங்க. மழையில நனைஞ்சா அதுவும் போச்சு.

சென்னை மாநகராட்சி சில வருஷமா பட்டாசுக் குப்பையை மத்த குப்பையோட சேர்க்கறது இல்ல. தனி மூட்டை, தனி வண்டி. கும்மிடிப்பூண்டியில தொழிற்சாலைகளோட அபாயகரமான கழிவைக் கையாளற நிலையத்துக்கு அனுப்பறாங்க. ஒவ்வொரு தீபாவளிக்கும் நூறு டன்னுக்கு மேல போகுது. பாலசமுத்திரத்துல இருந்து கும்மிடிப்பூண்டி சுமார் 500 கிலோமீட்டர். ரெண்டு மூட்டைக் குப்பையை அவ்ளோ தூரம் யார் கொண்டு போவாங்க? 2016 திடக்கழிவு விதிகள்ல, வீட்டு அபாயக் கழிவுன்னு பெயின்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா, டியூப் லைட், காலாவதி மருந்து, பேட்டரி, ஊசி எல்லாம் பேர் சொல்லி இருந்துச்சு. பட்டாசுக்குப் பேர் இல்லாம இருந்துச்சு. சின்ன ஊர்கள்ல இது யார் பொறுப்புன்னு தெளிவில்லாம இருக்க அதுவும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன்.

அதுவரைக்கும் மறுநாள் காலையில கையால அள்ளப் போறது தூய்மைப் பணியாளர் அக்காதான். பல ஊர்ல கையுறை கூட இருக்காது. ஊறினதைத் தனிப் பையில கட்டி, மேல 'பட்டாசு'ன்னு எழுதி, வண்டியில வீசாம கையில குடுங்க. "அக்கா, இது பட்டாசுக் குப்பை, நனைச்சுட்டோம்"னு வாயாலயும் சொல்லிடுங்க.

ஒரு நேயர் கேட்டிருந்தாங்க: போன வருஷ மிச்சம் பரண்ல இருக்கு, வெடிக்கலாமா? ஈரம் குடிச்சிருக்கலாம், திரி பொடிஞ்சிருக்கலாம், எப்போ வெடிக்கும்னு கணிக்க முடியாது. வெயில்ல காய வெச்சு சரி பண்ணப் பார்க்காதீங்க. நாலஞ்சுன்னா பக்கெட்ல ஊற வைங்க. பெட்டி பெட்டியா இருந்தா, பக்கத்துத் தீயணைப்பு நிலையத்துல கேட்டுட்டு அப்புறம் கை வைங்க.