மஞ்சள் கயிறும் உப்புத் தண்ணீரும்

“அந்தமானுக்கா? அங்க ஜெயில்லடா இருக்கு!” மறுவீட்டு விருந்தில் இலையை மடித்துக்கொண்டே அப்பத்தா கேட்டதும் பந்தியே சிரித்தது. அவர் சொன்னதில் தப்பில்லை. 1906-ல் கட்டி முடித்த செல்லுலார் சிறை இன்றும் போர்ட் பிளேரில் நிற்கிறது. அதைவிட, எங்கள் ஊர் அகரத்தில் பாதிப் பேர் கடலைப் பார்ப்பதே ராமேஸ்வரத்தில் திதி கொடுக்கப் போகும்போதுதான். கல்யாணமான கையோடு கடலுக்குப் போவது அப்பத்தாவுக்கு உறுத்தியது அதனால்தான்.

எங்கள் பக்கத்தில் தேனிலவு என்றால் கொடைக்கானல். பழனியில் சாமி கும்பிட்டு, அப்படியே மலையேறி, ஏரியில் ஒரு படகுச் சவாரி, ஸ்வெட்டரோடு ஒரு போட்டோ. ஸ்ரீதரின் ‘தேன் நிலவு’ 1961-லேயே காஷ்மீருக்குப் போய்விட்டது. நாங்கள் காட் ரோடு ஏறியதோடு சரி.

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் இரண்டே கால் மணி நேரம். 2024 முதல் அந்த ஊர் ஸ்ரீ விஜயபுரம். அங்கிருந்து கப்பலில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் போனால் நீல் தீவு. அதற்கும் 2018-ல் ஷஹீத் த்வீப் என்று பெயர் வைத்தார்கள். ஜெட்டியில் யாரைக் கேட்டாலும் நீல்தான். ஏஜென்ட் கொடுத்த திட்டத்தில் ஐந்து நாளில் நான்கு தீவு இருந்தது. ஹேவ்லாக் தீவின் ராதாநகர் கடற்கரையை ‘டைம்’ பத்திரிகை 2004-ல் ஆசியாவிலேயே சிறந்தது என்று எழுதியதிலிருந்து அங்கே கூட்டம் குறைவதே இல்லை. எல்லாவற்றையும் அடித்துவிட்டு, நீலில் மட்டும் மூன்று இரவு என்று எழுதச் சொன்னேன். கல்யாணத்துக்கு முன்பு நாங்கள் இருவரும் சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் பேசியதில்லை. இதில் நான்கு தீவு எதற்கு?

தென்னந்தோப்புக்குள் மரக்குடில், வாசலில் வலை ஊஞ்சல், இருபது அடியில் கடல். முதல் நாளே ஒரு கூத்து. குளித்துவிட்டு வந்த என் மனைவி கழுத்தைத் துடைக்க, விடுதியின் வெள்ளைத் துண்டு முழுக்க மஞ்சள். புதுத் தாலிக்கயிற்றை உப்புத் தண்ணீர் கரைத்துவிட்டது. “ஏங்க, இதுக்குக் காசு கேப்பாங்களா?” என்று அவள் அதைப் பக்கெட்டில் ஊறவைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். துண்டு மாற்ற வந்த வங்காளிப் பையன் பார்த்துவிட்டு, “ஹல்தி!” என்று சிரித்தான். அவனுக்குப் பழக்கம்தான் போல.

தீவு நமக்கு வெகு கிழக்கே இருக்கிறது. கடிகாரம் மட்டும் நம்முடையது. காலை ஆறுக்கு முன்பே வெளிச்சம் வந்துவிடும், மாலை ஐந்தரைக்கு இருட்டு கட்டிவிடும். அதன் பிறகு பேச்சைத் தவிர வேறு வேலை கிடையாது. இதற்காகத்தான் அவ்வளவு தூரம் போக வேண்டும் என்பேன்.

லக்ஷ்மண்பூரில் கடல் குடைந்த பாறை வளைவு ஒன்று உண்டு. அதை வங்காளிகள் ‘ஹவுரா பிரிட்ஜ்’ என்கிறார்கள். நீர் வற்றும் நேரத்தில்தான் அதன் அடிக்கு நடந்து போக முடியும். பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் கடல் அட்டை, விரல் நீள மீன்கள். பவளத்தை மிதிக்கக் கூடாது. செத்த பவளத் துண்டைக்கூட எடுத்து வரக் கூடாது. விமான நிலையத்தில் பையைச் சோதித்து வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

ராம்நகர், பரத்பூர், சீதாபூர் என்று தீவு முழுக்க ராமாயணம். 1960-களில் கிழக்கு வங்காள அகதிகளைக் குடியேற்றிய மண் இது. அந்தமானுக்குக் காய்கறி கொடுப்பதில் இந்தச் சின்னத் தீவுக்குப் பெரிய பங்கு. சந்தைக்குள் நுழைந்ததும் என் மனைவிக்குக் கடல் மறந்துபோனது. அவள் தோட்டக்காரர் வீட்டுப் பெண். ஒரு கத்திரிக்காயை எடுத்துக் காம்பைக் கிள்ளிப் பார்த்து, “இன்னைக்குப் பறிச்சதுங்க. விலை கேளுங்க” என்றாள். சைகையில் தொடங்கிய விசாரணை அரை மணி நேரம் நடந்தது. வாங்கவும் இல்லை, கடைக்கார அம்மாள் கோபித்துக்கொள்ளவும் இல்லை. என் மனைவியை நான் முதன்முதலாகத் தெரிந்துகொண்டது அந்தக் கத்திரிக்காய்க் கூடைக்குப் பக்கத்தில்தான்.

போக நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தையிலும் மாசியிலும் முகூர்த்தம் வைத்தவர்கள் தயங்காமல் உடனே கிளம்பலாம். அப்போது கடல் அமைதியாக இருக்கும். வைகாசி, ஆவணிக் கல்யாணம் என்றால் கார்த்திகை கழியட்டும். மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் கப்பலை நிறுத்திவிடுவார்கள். எந்த மாதமானாலும், தீவிலிருந்து திரும்பும் நாளிலேயே விமானத்துக்கு டிக்கெட் போடாதீர்கள்; நடுவே ஒரு நாள் விடுங்கள்.